கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பக்கவாதம் கண்ட தந்தையாரை, சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு, பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டியில் வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். வண்டி ஜார்ஜ் டவுனை விட்டுப் புறப்பட்டு, கடலின் மேல் செல்லும் பாலத்தைக் கடந்து, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஒரு குறையும் இல்லை. வந்தவர்கள் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு விடைபெறுகிறார்கள்.

மறுநாள் காலையில் அவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரம் மூன்றடி. மகன் குனிந்து, அப்பாவின் அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குகிறான். மருமகள் விளங்காத கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஐயோ, தோள்!" என்று பெரியவர் அலறுகிறார். மகனின் இடுப்பில் சுரீர் என்று ஒரு வலி. அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

கடலைத் தாண்டிய பயணம் சுகமாக முடிந்தது. மூன்றடிப் பயணம் இரண்டு பேரை நோக வைத்துவிட்டது. நோயாளிகளை இடம் மாற்றும் கலையின் வரலாற்றிலும் இதுவே நடந்தது. நீண்ட வழிகளை மனிதன் முதலில் சீர்செய்தான். மிகக் குறுகிய வழியை அவன் கவனித்தது கடைசியில்தான். அந்த வரலாற்றையும், அதிலிருந்து நம் வீடுகளுக்குக் கிடைக்கும் பாடத்தையும் இன்று பார்ப்போம்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து தொடங்குவோம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் முதலில் பிடித்த கரைகளுள் ஒன்று பினாங்கு. கப்பலில் தொற்றுநோய் கண்டால், வந்தவர்களைப் பினாங்குத் தீவுக்குக் கிழக்கே உள்ள ஜெரஜாக் தீவில் இறக்கித் தனியே வைத்தார்கள். நலமாக இருந்தவர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் வெல்லஸ்லி மாநிலத்தில், ரப்பர் வருவதற்கு முன்னே கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. நிபோங் திபால், பத்து காவான் பக்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

பினாங்குப் பொது மருத்துவமனை 1882ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் அது இருந்தது தீவில். தோட்டங்கள் இருந்தவை பெருநிலக் கரையில். இரண்டுக்கும் இடையே கடல். தோட்டத்துக்கு உள்ளேயோ, வண்டி போகாத வரப்பும் சேறும். அத்தகைய இடத்தில் காய்ச்சலால் விழுந்தவனுக்கு மனிதத் தோளே வண்டி. ஒரு கம்பு, ஒரு கெட்டித் துணி, இரண்டு ஆள் இருந்தால் டோலி தயார். இந்த டோலி நம் ஊர்களில் பழமையானது. சாலை எட்டாத தமிழ்நாட்டு மலைக் கிராமங்கள் சிலவற்றில் இந்தக் காலத்திலும் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் அப்படித்தான் தூக்கி வருகிறார்கள். டோலியில் ஒரு குறை உண்டு. துணி வளைவதால் உள்ளே இருப்பவரின் முதுகும் வளைகிறது. எலும்பு முறிந்தவருக்கு அது ஆகாது. அதனால்தான் இரண்டு கம்புகளுக்கு இடையே துணியை விறைப்பாக இழுத்துக் கட்டிய ஸ்ட்ரெச்சர் மருத்துவத் துறையில் நிலைபெற்றது.

நோயாளியைத் தூக்குவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்தியவை போர்க்களங்கள். நெப்போலியனின் படையில் இருந்த லாரே என்ற பிரெஞ்சு மருத்துவர், காயமுற்றவர்களைச் சண்டை முடியும் வரை கிடக்க விடாமல், விரைந்தோடும் குதிரை வண்டிகளில் ஏற்றி வர ஏற்பாடு செய்தார். அது 18ஆம் நூற்றாண்டின் இறுதி. இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றி, சாதாரண மக்களுக்கும் முதலுதவியைக் கற்றுக் கொடுத்தது.

இந்த வரலாற்றில் தோட்டத் தொழிலாளருக்கும் ஓர் இடம் உண்டு. நம்மில் பலர் அதை அறிந்திருக்க மாட்டோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860ஆம் ஆண்டு முதல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். அவர்களும் நம் செபராங் பிறை முன்னோரைப் போலவே கரும்பு வெட்டியவர்கள். 1899ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். படையில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களுள் 300 பேர் அளவில் சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர்கள். மற்றவர்கள் எல்லாரும் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள்.

டாக்டர் பூத் என்பவர் காந்தியடிகளுக்கும் தோழர்களுக்கும் முதலில் முறையான பயிற்சி கொடுத்தார். அதன் பிறகே அவர்கள் களத்துக்குப் போனார்கள். 1900ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பியன் கோப் என்ற குன்றில் பெரும் சண்டை நடந்தது. காயமுற்ற வீரர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து, ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் வரை நம்மவர்கள் நடந்தார்கள். படுகாயமுற்ற ஜெனரல் உட்கேட்டும் அவர்கள் தோளில் வந்தவர்களுள் ஒருவர். ஆறு வாரத் தொண்டுக்குப் பிறகு படை கலைக்கப்பட்டது. தலைவர்களாக இருந்த 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த அந்த எண்ணூறு பேரின் பெயர்களை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. தூக்கியவனை மறந்துவிடும் இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு உள்ளேயும் அதையே காணப் போகிறோம்.

பினாங்குக்குத் திரும்புவோம். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைக் குண்டு வீசித் தாக்கின. வானத்தில் விமானம் பறப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த மக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். காயமுற்றவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது நகரத்துக்கே பெரும் வேலையாயிற்று. சில நாளில் வெள்ளையர்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். உள்ளூர் மக்கள் மட்டும் எஞ்சி நின்றார்கள். அப்போது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பல இனத்தவரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்து நகரத்தைக் கட்டிக் காத்தார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படை உள்ளே வந்தது. ஊரைத் தாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்களே என்பதற்கு அந்த நாட்கள் சாட்சி.

யுத்தத்துக்குப் பிறகு பாதைகள் சீர்பட்டன. தோட்டங்களில் டிரசர்களும் சிறு ஆஸ்பத்திரிகளும் இருந்தாலும், பெரிய நோய் என்றால் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வாகனங்களை ஏற்றும் பெரி 1925ஆம் ஆண்டு முதல் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடியது. தீவின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் வண்டியும் அந்தப் பெரியை நம்பியே இருந்தது. 1985ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலமும் வந்தது. அந்தப் பாலம் பெருநிலத்தில் கால் ஊன்றும் இடம் பத்து காவான். ஒரு காலத்தில் நம் முன்னோர் கரும்பு வெட்டிய அதே பத்து காவான்.

இவ்வாறு நீண்ட வழி சுலபமாயிற்று. குறுகிய வழி என்ன ஆயிற்று?

மருத்துவமனை வார்டுக்குள் போய்ப் பார்ப்போம். கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு, தள்ளுவண்டியிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு என்று ஒரு நோயாளியை ஒரே நாளில் பல முறை இடம் மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் தாதிகள், ஆயாக்கள், வார்டுப் பணியாளர்கள். "முதுகை நேராக வை, முழங்காலை மடக்கு, பிறகு தூக்கு" என்பதே அவர்களுக்குக் கிடைத்த பாடம். உலகெங்கும் பல்லாண்டு காலம் இந்தப் பாடமே போதும் என்று நம்பினார்கள். முதுகு வலி வந்தால், அவள் சரியாகத் தூக்கவில்லை என்று பழியும் தூக்கியவள் தலையிலேயே விழுந்தது.

உண்மை வேறு. நம் இடுப்பு எலும்பை ஒரு துலாக்கோலின் நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே நீட்டிய கையில் பாரம். பின்னே அதை இழுத்துப் பிடிப்பது முதுகுத் தசை. அந்தத் தசை எலும்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது. பாரமோ இருபது அங்குலம் தள்ளி இருக்கிறது. ஆகவே தசை பத்து மடங்கு வலுவோடு இழுக்க வேண்டும். காண்டா சுமந்து பால் வாளி தூக்கியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். இரண்டு வாளியும் இரு பக்கமும் சமமாக, உடம்பை ஒட்டித் தொங்கும்போது தோள் தாங்கும். அதே வாளியைக் கையை நீட்டித் தூக்கச் சொன்னால் யாரால் முடியும்?

பால் வாளிக்குப் பிடி உண்டு. அது தானாக அசையாது. மனித உடம்புக்குப் பிடி இல்லை. பயந்தால் நம்மைக் கட்டிப் பிடிக்கும், வலித்தால் திமிறும், மயங்கினால் துவண்டு விழும். ஆதலால் எவ்வளவு பயிற்சி பெற்றவரானாலும், ஒரு முழு மனிதரைத் தனியே தூக்குவது பாதுகாப்பாகாது. பயிற்சி மட்டும் முதுகைக் காப்பாற்றுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. 2007ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். நல்ல சூழ்நிலையிலும் ஒருவர் நோயாளியின் எடையில் 35 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல், கையால் தூக்கக் கூடாது என்பது அவர் முடிவு. நம் தோட்டத்தில் நன்கு முற்றிய செம்பனைக் குலை ஒன்று பல வேளை இதைவிடக் கனமாக இருக்கும்.

இதற்கு விடை கருவிகளிலிருந்து வந்தது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மடக்கக் கூடிய இரும்புச் சக்கர நாற்காலியைச் செய்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் நாம் காணும் நாற்காலிக்கு அதுவே முன்னோடி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லாரியைத் தூக்கும் ஜாக்கியைப் போல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கி, நோயாளியைத் தொட்டில் துணியில் வைத்து உயர்த்தும் இயந்திரங்கள் வந்தன. படுக்கையில் வழுக்கி நகர்த்தும் விரிப்புகள் வந்தன. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டு முதல் டாக்டர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு முறிந்தவர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். அதற்கு முன்பு அத்தகையோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் மாண்டுபோவது வழக்கம். முறையாக அசைப்பதே உயிர் காக்கும் மருந்து என்று அவர் காட்டினார்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1992ஆம் ஆண்டில் பிரிட்டன் கையால் பாரம் தூக்கும் வேலைகளுக்கு விதிமுறை வகுத்தது. ஆபத்தான தூக்குதலைத் தவிர்க்க முடியுமானால் தவிர்க்க வேண்டும் என்பது அதன் முதற்படி. மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994ஆம் ஆண்டில் வந்தது. கையால் பாரம் கையாள்வதற்கான வழிகாட்டி 2018ஆம் ஆண்டில் வெளியானது. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் தாதிகளாகவும் ஆஸ்பத்திரிப் பணியாளர்களாகவும் போனவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். முதுகு நொந்தால் அது அவர்கள் தலைவிதி அன்று. முதலாளி தடுத்திருக்க வேண்டிய தொழில் விபத்து.

டோலியின் காலத்திலிருந்து கணக்கிட்டால் இந்த மூன்றடி வழிக்கு எவ்வளவு காலம் பிடித்தது, பாருங்கள். கடல் மேல் பாலம் போட்ட பிறகுதான், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு விதி வந்தது. ஆனால் அந்த விதி ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டில் தூக்குபவர் மகள், மருமகள், மனைவி. அவர்களுக்குச் சட்டமும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆதலால் வரலாறு கற்றுக் கொடுத்ததை அவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, தூக்காதீர்கள், நகர்த்துங்கள். படுக்கையில் ஒருவரை மேலே ஏற்ற வேண்டுமானால், நாலாக மடித்த போர்வையை அவர் தோளிலிருந்து தொடை வரை அடியில் இடுங்கள். இரு பக்கமும் இருவர் நின்று, போர்வையைச் சுருட்டி உடம்பை ஒட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். ஒருவர் மட்டும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்ல வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் குரல் கொடுப்பவர் ஒருவர்தானே?

இரண்டாவது, நோயாளியிடம் சொல்லுங்கள். அவரும் ஓர் ஆள். அவரிடமும் வலு உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னால் பாதிப் பாரத்தை அவரே தூக்கிக்கொள்வார்.

மூன்றாவது, நாற்காலிக்கு மாற்றும் முறை. பக்கவாதம் கண்டவரானால் சக்கர நாற்காலியை அவருடைய வலுவுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றே சாய்வாக வையுங்கள். பிரேக்கைப் போடுங்கள். கால் வைக்கும் தட்டை மடக்கிவிடுங்கள். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதம் தரையில் நன்றாகப் படியும்படி செய்து, தலைச்சுற்றல் தணியும் வரை சற்றுப் பொறுங்கள். பிறகு முன்னே குனியச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்போது இடுப்பு தானாக மேலே எழும். வலுவற்ற முழங்கால் மடங்கிவிடாதபடி உங்கள் முழங்காலால் அணை கொடுத்து, அவரைத் திருப்பி மெல்ல உட்கார வையுங்கள்.

நான்காவது, செய்யக் கூடாதவை. அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். விளங்காத கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடக் கூடும். உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிக்க விடாதீர்கள். கீழே விழப் போகிறவரைத் தாங்கிப் பிடித்து நிறுத்த முயலாதீர்கள். உங்கள் உடம்பை ஒட்டி மெல்லத் தரையில் இறங்க விட்டு, தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். மரத்திலிருந்தோ உயரத்திலிருந்தோ விழுந்து முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை, நெருப்பு, வெள்ளம் போன்ற ஆபத்து இல்லாதவரை, அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருங்கள்.

ஐந்தாவது, கேளுங்கள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், "எங்கள் வீட்டில் இவரை எப்படி எழுப்புவது, ஒரு முறை செய்து காட்டுங்கள்" என்று தாதியையோ பிசியோதெரபி அறையில் இருப்பவரையோ கேளுங்கள். உங்கள் கையாலேயே ஒரு முறை செய்து பாருங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். காந்தியடிகளே ஒரு டாக்டரிடம் கற்றுக்கொண்ட பிறகுதான் ஸ்ட்ரெச்சரைத் தொட்டார்.

நேயர்களே, பெற்றவர்களைத் தூக்கிச் சுமப்பதைப் பாசத்தின் அடையாளமாக நாம் எண்ணுகிறோம். தவறில்லை. ஆனால் ஒரு மாதம் சுமந்து முதுகு ஒடிந்து, பதினோரு மாதம் படுத்துக் கிடக்கும் பாசம் யாருக்கு உதவும்? நோயாளிக்கு வேண்டியது நாளை காலையிலும் வந்து நிற்கப் போகும் இரண்டு கைகள். அந்தக் கைகளைக் காப்பாற்றிக்கொள்வதும் அவருக்குச் செய்யும் பணிவிடையே.

ஸ்பியன் கோப் குன்றிலிருந்து இறங்கிய அந்த எண்ணூறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் நம்மைப் போலத் தோட்டத்து ஏழைகள்தான். இன்று மாலை உங்கள் வீட்டில் அப்பாவை நாற்காலிக்கு மாற்றும்போது, பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூப்பிடுங்கள். மூன்றடி தூரந்தானே என்று எண்ணாதீர்கள்.